எஸ்.எம்.சுப்பையா நாயுடு: கடையநல்லூர் தந்த இசையமைப்பாளர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கங்களில் பழைய பாட்டுக் கேட்பவர்கள் நாலு பேர் கூடினால் எம்.எஸ்.விஸ்வநாதன் பெயர் வரும், கே.வி.மகாதேவன் பெயர் வரும், இளையராஜா பெயர் வராமல் இருக்காது. நம் மண்ணில் பிறந்த சுப்பையா நாயுடுவின் பெயரை யாராவது எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. எடுத்துக் கொடுத்த பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த அளவில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்தச் சுப்பையா நாயுடு?

1914இல் கடையநல்லூரில் பிறந்தவர். அன்றைக்கு அது திருநெல்வேலி ஜில்லா. 2019க்குப் பிறகு தென்காசி மாவட்டம். 1940களின் நடுவில் தொடங்கி 1970கள் வரை தமிழ்த் திரைப்படங்களுக்கு இசையமைத்தார். 1979இல் காலமானார். ராஜகுமாரி, வேலைக்காரி, மலைக்கள்ளன், நாடோடி மன்னன், மரகதம், திருடாதே, கொஞ்சும் சலங்கை, மன்னிப்பு, தலைவன் ஆகியவை அவர் தனியாகவோ மற்றவர்களுடன் சேர்ந்தோ இசையமைத்த படங்களில் சில.

அவர் பாட்டு எதையும் நான் கேட்டதில்லையே?

கேட்டிருக்கிறீர்கள். "தூங்காதே தம்பி தூங்காதே" அவர் மெட்டு. "திருடாதே பாப்பா திருடாதே" அவர் மெட்டு. "எத்தனை காலந்தான் ஏமாற்றுவார் இந்த நாட்டிலே", "குங்குமப்பூவே கொஞ்சும் புறாவே", "நீ எங்கே என் நினைவுகள் அங்கே", "நீராழி மண்டபத்தில்" எல்லாமே அவருடையவை. "சிங்கார வேலனே தேவா"வும் அவருடையதுதான். இவற்றில் ஒன்றைக்கூடக் காதில் வாங்காமல் தாமிரபரணிக் கரையில் ஒருவர் வளர்ந்திருக்க முடியும் என்று நான் நம்பவில்லை.

பாட்டெல்லாம் தெரிகிறது, பெயர் மட்டும் ஏன் தெரியவில்லை?

இதற்குப் பல காரணங்கள் சேர்ந்திருக்கின்றன. முதலாவது, அவர் பாட்டுகளில் அதிகம் பரவியவை எம்.ஜி.ஆர். படப் பாட்டுகள். "தூங்காதே தம்பி" யாருடைய பாட்டு என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் எம்.ஜி.ஆர். பாட்டு என்பார்கள். மீதிப் பேரில் ஒருவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தைச் சொல்வார், ஒருவர் டி.எம்.சௌந்தரராஜனைச் சொல்வார். மூன்றும் சரியான பதில்தான். ஆனால் அந்தச் சொற்களைத் தமிழ்நாடு முழுக்க முணுமுணுக்கும்படி மெட்டில் உட்கார வைத்த நாலாவது ஆள் பேச்சிலேயே வருவதில்லை.

இரண்டாவது, அந்தக் காலத்தில் ஒரே படத்துக்கு இரண்டு இசையமைப்பாளர்கள் வேலை செய்வது வழக்கமாக இருந்தது. ஸ்ரீ முருகன் படத்தில் சுப்பையா நாயுடுவும் ஜி.ராமநாதனும். அபிமன்யு, வேலைக்காரி படங்களில் சுப்பையா நாயுடுவும் சி.ஆர்.சுப்பராமனும். கிருஷ்ண விஜயத்தில் சி.எஸ்.ஜெயராமனும் உண்டு. எந்தப் பாட்டு யாருடையது என்ற கணக்கு இதனால் கலங்கிப்போய்விட்டது. கலங்கிய கணக்கில் அதிகம் புகழ்பெற்றவரின் பக்கம்தான் தராசு சாயும்.

மூன்றாவது காரணம், 1960களில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி இரட்டையர் அடித்த அலை. அந்தப் பத்தாண்டில் நல்ல பாட்டு எது வந்தாலும் அவர்கள் கணக்கில் எழுதிவிடும் பழக்கம் நமக்கு உண்டு. "என்னருகே நீ இருந்தால்" பாட்டை அவர்களுடையது என்று சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது திருடாதே படம், மெட்டு கடையநல்லூர்க்காரருடையது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய பாட்டுப் போடும் தொலைக்காட்சிகள் படத்தின் பெயரையும் பாடகர் பெயரையும் திரையில் காட்டுகின்றன. இசையமைப்பாளர் பெயர் பல நேரம் விட்டுப்போகிறது. கைப்பேசியில் பாட்டுத் தேடினால் நடிகரின் படம்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. எனக்கு இது மிகப்பெரிய குறையாகப் படுகிறது.

மலைக்கள்ளன் படத்தை எடுத்த நாயுடுவும் இவரும் ஒருவரா?

இல்லை. மலைக்கள்ளனைத் தயாரித்து இயக்கியவர் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு, கோயம்புத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோவின் அதிபர். இசையமைத்தவர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு. முதலெழுத்துகளும் கடைசிப் பெயரும் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. நடிகர் எஸ்.வி.சுப்பையாவோடு குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. அவர் வேறு, இவர் வேறு.

கடையநல்லூர்க்காரர் கோயம்புத்தூருக்கு எப்படிப் போனார்?

நாடகம் வழியாக. அந்தத் தலைமுறையில் இசையமைப்பாளர், நடிகர், பாடகர் என்று யாரை எடுத்தாலும் பெரும்பாலும் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் போய்த்தான் முடியும். சின்னப் பையன்களைச் சேர்த்து, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து, பாட்டும் வசனமும் மனப்பாடம் செய்ய வைத்து ஊர் ஊராகக் கூட்டிப்போன கம்பெனிகள் அவை. சுப்பையா நாயுடுவும் அப்படி வளர்ந்தவர்தான்.

பையன்களை வைத்து நாடகம் போடும் முறைக்குப் பெரிய பள்ளிக்கூடமாக இருந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். அவரும் நம் சீமைக்காரர். 1867இல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். நாடக மேடையில் பாட்டுக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் விளங்க வேண்டும். ஒரு முறை கேட்டவன் வீட்டுக்குப் போகும்போது பாடிக்கொண்டே போக வேண்டும். சுப்பையா நாயுடுவின் திரைப்பாட்டில் இந்த இரண்டும் கடைசி வரை மாறவே இல்லை.

அந்நாளில் கோயம்புத்தூர் தமிழ்ப் பட உலகின் இன்னொரு தலைநகரம். சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா இரண்டும் அங்கே இருந்தன. சென்ட்ரல் ஸ்டூடியோவில் ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த படங்களுக்கு சுப்பையா நாயுடு இசையமைத்தார். எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ராஜகுமாரி (1947) அவற்றில் ஒன்று.

எம்.எஸ்.விஸ்வநாதனுக்கு இவர் குருவா?

குருமார்களில் ஒருவர் என்று தயங்காமல் சொல்லலாம். விஸ்வநாதன் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்த பையன். டீ வாங்கி வருவது, வாத்தியங்களைத் துடைத்து வைப்பது, கூப்பிட்ட குரலுக்கு ஓடுவது. இசைக்குழு ஓய்வெடுக்கும் நேரத்தில் அவர் ஆர்மோனியத்தில் கை வைத்துப் பார்ப்பார். அப்படி ஒரு நாள் அவர் போட்டுப் பார்த்த மெட்டு சுப்பையா நாயுடுவுக்குப் பிடித்துப்போயிற்று. அபிமன்யு படத்தில் "புது வசந்தமாமே வாழ்விலே" என்று வந்த பாட்டு அந்த மெட்டுதான். திருச்சி லோகநாதனும் யு.ஆர்.ஜீவரத்தினமும் பாடியது. இந்தக் கதையை விஸ்வநாதனே பிற்காலத்தில் பல இடங்களில் வாய் நிறையச் சொல்லியிருக்கிறார்.

அப்படியென்றால் சீடனின் மெட்டைத் தம் பெயரில் போட்டுக்கொண்டாரா என்று சிலர் கேட்கிறார்கள். அன்றைய ஸ்டூடியோ நடைமுறையை மறந்துவிட்டுக் கேட்கும் கேள்வி இது. எடுபிடிப் பையனின் மெட்டு என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அது படத்தில் ஏறியிருக்காது. முக்கியமானது அடுத்து நடந்ததுதான். ஜூபிடர் நிறுவனம் கோயம்புத்தூர் வேலையை முடித்துக்கொண்டு சென்னைக்கு இடம் மாறிய சமயத்தில், "அந்த மெட்டைப் போட்டவன் இந்தப் பையன்தான், இவனை விட்டுவிடாதீர்கள்" என்று முதலாளிகளிடம் போய்ச் சொன்னவர் சுப்பையா நாயுடு. அந்தச் சிபாரிசால்தான் விஸ்வநாதன் சென்னைக்குப் போனார், சி.ஆர்.சுப்பராமனிடம் சேர்ந்தார். 1952இல் சுப்பராமன் மறைந்த பின் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் இரட்டையர் ஆனார்கள்.

தன் கையெழுத்துப் போட்ட ஒன்றை இன்னொருவனுடையது என்று தானாக முன்வந்து சொல்வதற்குப் பெரிய மனசு வேண்டும். அதைச் சொன்னதால் அவருக்குக் கிடைக்கப்போவது எதுவும் இல்லை. தமக்கு ஒரு போட்டியாளரைத் தாமே வளர்த்துவிடுகிறோம் என்பதும் தெரியாமல் இருந்திருக்காது. அவருடைய மெட்டுகள் அனைத்தையும் ஒரு பக்கமும் இந்த ஒரு செயலை மறு பக்கமும் வைத்தால் எது பெரியது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விஸ்வநாதனும் மறக்கவில்லை. சுப்பையா நாயுடுவின் கடைசிக் காலத்தில் அவரைத் தம்மோடு வைத்துப் பார்த்துக்கொண்டார். இறந்தபோது மகன் ஸ்தானத்தில் நின்று காரியங்களைச் செய்தார்.

டி.எம்.சௌந்தரராஜனை அறிமுகப்படுத்தியவர் இவர்தானா?

ஆம். 1950இல் வந்த கிருஷ்ண விஜயம். "ராதே நீ என்னை விட்டு ஓடாதேடி" என்ற பாட்டு. மதுரையிலிருந்து வந்த அந்த இளைஞர் அப்போது தியாகராஜ பாகவதர் பாணியில் பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டை இன்று கேட்டால் பாகவதர்தான் பாடுகிறாரோ என்று ஒரு கணம் தோன்றும். பிறகு 1954இல் மலைக்கள்ளனில் "எத்தனை காலந்தான்" வருகிறது. அதே தொண்டை, அதே இசையமைப்பாளர். ஆனால் பாகவதரின் நிழல் அதில் இல்லை. குரல் நேராக, அகலமாக, கேள்வி கேட்கும் குரலாக நிற்கிறது. எம்.ஜி.ஆருக்கு இந்தக் குரல்தான் என்று ஜனங்கள் மனசில் பதிய வைத்த பாட்டு அது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். நாலே வருடத்தில் ஒரு பாடகர் தம் சொந்தக் குரலுக்கு வந்து சேர்வது தெரியும். இரண்டு முனையிலும் நிற்பவர் சுப்பையா நாயுடு.

மலைக்கள்ளன் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம். நாமக்கல் கவிஞரின் கதை, மு.கருணாநிதியின் வசனம்.

"சிங்கார வேலனே" பாட்டில் அப்படி என்ன விசேஷம்?

இந்தக் கேள்விக்கு நீளமாகத்தான் பதில் சொல்ல முடியும்.

கொஞ்சும் சலங்கை, 1962. படத்தில் ஜெமினி கணேசன் நாகஸ்வரம் வாசிக்க, சாவித்திரி பாடுவார். உண்மையில் பாடியவர் எஸ்.ஜானகி, வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். பாட்டை எழுதியவர் கு.மா.பாலசுப்பிரமணியம். ராகம் ஆபேரி. ஏறும்போது ச க ம ப நி ச என்று ரிஷபத்தையும் (ரி) தைவதத்தையும் (த) தாண்டிப் போய், இறங்கும்போது ஏழு ஸ்வரங்களும் வரும் ராகம். கேட்பவரை உடனே இளக வைத்துவிடும்.

காருகுறிச்சி எங்கே இருக்கிறது என்று நம் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேரன்மகாதேவியைத் தாண்டினால் காருகுறிச்சி. 1921இல் பிறந்த அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். ஆக, மெட்டு கடையநல்லூர், நாகஸ்வரம் காருகுறிச்சி, பாட்டில் வரும் முருகனோ செந்தூரில் நிற்கிறான். திருநெல்வேலிச் சீமை முழுவதும் ஒரு பாட்டுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. ஜானகி ஆந்திரத்திலிருந்து வந்தவர், 1957இல்தான் திரையில் பாடத் தொடங்கியிருந்தார். இந்தப் பாட்டு அவருக்கு வாழ்நாள் அடையாளமாகிவிட்டது.

நாகஸ்வரம் திறந்த வெளிக்காக உண்டான வாத்தியம். தேரோட்டத்தின்போது நாலு ரத வீதிக்கும் கேட்க வேண்டியது. அதை ஒரு பெண் குரலோடு, ஒலிப்பதிவு அறைக்குள், ஒரே சுருதியில் சேர்ப்பது லேசுப்பட்ட காரியமில்லை. குரல் அமுங்கிப்போகும், அல்லது நாகஸ்வரம் தன் வீரியத்தை இழந்துவிடும். இங்கே இரண்டும் நடக்கவில்லை.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில், முகூர்த்தம் முடிந்து ஓய்வாக இருந்த ஒரு நாகஸ்வரக்காரரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். வயதானவர். நாகஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை வாயில் வைத்து நனைத்துக்கொண்டே கேட்டார். பிறகு அதை வாத்தியத்தில் பொருத்தி, பல்லவியின் முதல் வரியைப் பந்தலில் வாசிக்கிற பலத்தோடு வாசித்தார். சமையல்கட்டில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்து அதே வரியை மறுபடி வாசித்தார். விரல்கள் அதே இடத்தில்தான். உதடும் மூச்சும் மட்டும் மாறின. சத்தம் பாதியாயிற்று, கமகம், அதாவது ஸ்வரத்தை அசைக்கும் அசைவு, ஒன்றுகூடக் குறையவில்லை.

"தம்பி, முதலில் வாசித்தது எல்லோருக்கும் வரும். இரண்டாவது வாசித்தேன் பாருங்கள், அதை மூன்று நிமிஷம் விடாமல் வாசிக்கச் சொன்னால் எனக்கு உதடு நடுங்கிவிடும்," என்றார்.

"காருகுறிச்சியார் எப்படி வாசித்தார், ஐயா?"

"அவர் அந்தப் பெண்ணுக்குத் துணையாகப் போகிறார். முந்தவே மாட்டார். அவள் நிறுத்தின இடத்தில் இருந்து எடுப்பார், எடுத்ததை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்."

அந்தக் கொடுக்கல் வாங்கலைத் திட்டமிட்டு அமைத்தவர் இசையமைப்பாளர். எந்த வரிக்குப் பிறகு நாகஸ்வரம் பதில் சொல்ல வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும், கடைசியில் ஸ்வரங்களை எந்த அளவில் மாற்றி மாற்றி நெருக்கிக்கொண்டு போக வேண்டும் என்ற கணக்கெல்லாம் அவருடையது. தொடக்கத்தில் குரல் பாதியில் நின்று, "சாந்தா" என்று கதாநாயகன் கெஞ்சி, பிறகு பாட்டு மறுபடி எழுவதுகூட நாடக மேடை தெரிந்தவர் செய்யும் காரியம். அந்த நிறுத்தம் இல்லாவிட்டால் நாகஸ்வரம் உள்ளே வரும்போது இவ்வளவு சந்தோஷம் இருக்காது.

படம் வந்த இரண்டே ஆண்டுகளில், 1964இல், அருணாசலம் மறைந்துவிட்டார்.  அவர் வாசிப்பை நேரில் கேட்காத தலைமுறைகளுக்கு அவரை அறிமுகம் செய்து வைப்பது இன்றும் இந்த ஒரு திரைப்பாட்டுதான்.

பட்டுக்கோட்டையின் வரிகளுக்கு இவர் இசை எந்த விதத்தில் உதவியது?

வழிவிட்டு நின்று உதவியது. கல்யாணசுந்தரத்தின் வரிகளில் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கும். கேட்பவருக்கு ஒரு சொல் தவறினாலும் நஷ்டம். நாடோடி மன்னனில் (1958) வரும் "தூங்காதே தம்பி"யில் வாத்தியங்கள் எங்கே ஒலிக்கின்றன என்று கவனியுங்கள். பாட்டு வரிகளுக்கு நடுவேதான் பெரிதாக எழும்பும். சொல் வரும்போது பின்னால் ஒதுங்கிக்கொள்ளும்.

அதே படத்தில் "சும்மா கிடந்த நிலத்தைக் கொத்தி" என்ற பாட்டு இருக்கிறது. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுவது. சௌந்தரராஜனும் பானுமதியும் பாடியது. பாடுபட்டு விளைய வைத்ததை அவன் சொல்கிறான். விளைந்து என்ன, நமக்கு மிச்சம் கையும் காலும்தானே என்று அவள் கேட்கிறாள். பிசான நெல் அறுவடை முடிந்து, அளந்து கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டு, களத்தில் மிஞ்சியதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர்களுக்கு இந்தப் பாட்டின் அர்த்தத்தை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. மெட்டு அழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வேலை செய்கிறவர்களின் துடிப்போடுதான் போகிறது. அதனால்தான் அந்தக் கேள்வி சுருக்கென்று தைக்கிறது.

"திருடாதே பாப்பா" வந்த படம் 1961இல் வெளியானது. பட்டுக்கோட்டையார் 1959லேயே, 29 வயதில் போய்விட்டார்.

"குங்குமப்பூவே" பாட்டும் இவருடையதா? நம்ப முடியவில்லையே!

இவருடையதுதான். மரகதம், 1959. ஜே.பி.சந்திரபாபுவும் ஜமுனாராணியும் பாடியது. சந்திரபாபு தூத்துக்குடிக்காரர் என்பதை இங்கே ஒரு சந்தோஷத்துக்காகச் சேர்த்துக்கொள்கிறேன். மேற்கத்திய பாணியில் குரலைச் சுழற்றிப் பாடும் அவருக்கு, நாடகக் கம்பெனியில் வளர்ந்த ஒருவர் இவ்வளவு பொருத்தமாக மெட்டுப் போட்டார் என்பதுதான் ஆச்சரியம். பாடுகிறவர் யார் என்று பார்த்துச் சட்டை தைப்பவர் சுப்பையா நாயுடு. 1970இல் தலைவன் படத்தில், அப்போதுதான் தமிழில் கால் வைத்திருந்த எஸ்.பி.பாலசுப்பிரமணியத்தை "நீராழி மண்டபத்தில்" பாட வைத்ததையும் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். பாகவதர் பாணிக் குரலில் 1950இல் ஒன்று, பாலுவின் இளங்குரலில் 1970இல் ஒன்று. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்தவை.

எம்.ஜி.ஆர். படங்களுக்கு மட்டும்தான் இசையமைத்தாரா?

இல்லை. சிவாஜி கணேசனின் அன்னையின் ஆணை, மரகதம் இரண்டும் இவர் இசைதான். ஜெமினி கணேசனுக்குக் கொஞ்சும் சலங்கை.

இவர் இசை கர்நாடக இசையா, நாட்டுப்புற இசையா?

நாடக இசை என்பதுதான் என் பதில். தமிழ் நாடக மேடையில் கீர்த்தனையும் இருந்தது, காவடிச் சிந்தும் இருந்தது, இந்துஸ்தானி மெட்டும் பார்சி நாடகக் கம்பெனிகள் வழியாக வந்து சேர்ந்திருந்தது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து பிறந்த சீமையில், கழுகுமலைக்கும் திருச்செந்தூருக்கும் காவடி எடுத்துப் போகிறவர்கள் நடுவே வளரும் குழந்தைக்குச் சந்தம் தனியாகப் படிக்க வேண்டிய பாடம் அல்ல, காதிலேயே இருக்கும். ராகம் வேண்டிய இடத்தில் சுத்தமாக ராகத்தில் நிற்பார், வேண்டாத இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு தொங்க மாட்டார்.

கே.வி.மகாதேவனா, சுப்பையா நாயுடுவா, யார் பெரியவர்?

மகாதேவன் பக்கத்து நாகர்கோவில்காரர். தேசிய விருது இரண்டு முறை பெற்றவர். படங்களின் எண்ணிக்கையிலும் பரப்பிலும் அவருக்கு ஈடு சொல்ல முடியாது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. மகாதேவனைக் கொண்டாட ஆட்கள் இருக்கிறார்கள், அவர் பெயரில் பேச்சும் கச்சேரியும் நடக்கின்றன. இவருக்கு அது போதுமான அளவு இல்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்தப் பாட்டுகள் நம் ஊர்களில் எப்படி இவ்வளவு ஆழமாக இறங்கின?

கொடைவிழாவும் இலங்கை வானொலியும்தான் காரணம். சித்திரையில், ஆடியில் சுடலைமாடனுக்கோ அம்மனுக்கோ கொடை என்றால், கால்நாட்டிய அன்றே ரேடியோ செட் வந்துவிடும். வேப்பமரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டி, விநாயகர் பாட்டில் தொடங்கி, ராத்திரி வில்லுப்பாட்டு ஆரம்பிக்கும் வரை இசைத்தட்டு ஓடும். "சிங்கார வேலனே" இல்லாத ரேடியோ செட்டைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. கடலுக்கு அக்கரையிலிருந்து இலங்கை வானொலி நம் பக்கத்தில் உள்ளூர் நிலையம் போலத் தெளிவாகக் கேட்கும். 1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்த பிறகும் டீக்கடைகளில் திரைப்பாட்டுக்கு இலங்கையைத்தான் திருப்பி வைப்பார்கள். அந்த அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன்னால் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் நால்வரையும் சொல்லிவிட்டுத்தான் போடுவார்கள். சுப்பையா நாயுடு என்ற பெயர் இங்கே வயதானவர்கள் சிலருக்காவது ஞாபகம் இருப்பது அந்தப் புண்ணியவான்களால்தான்.

புதிதாகக் கேட்பவர் எதிலிருந்து தொடங்கலாம்?

நான் சொல்லும் வரிசை இது. முதலில் "எத்தனை காலந்தான்". பிறகு "சும்மா கிடந்த நிலத்தைக் கொத்தி". அதன் பின் நேர் எதிராகக் "குங்குமப்பூவே". மூன்றும் ஒரே ஆள் போட்டவை என்பது மனசில் ஏறியதும் "சிங்கார வேலனே"வுக்கு வாருங்கள். வேறு வேலை எதுவும் செய்யாமல், காதில் மாட்டும் கருவியோடு, முழுதாக. கடைசியில் மன்னிப்பு படத்தின் "நீ எங்கே". 1969இல் வந்த அந்தப் பாட்டில் நிதானமும் ஏக்கமும் கலந்த ஒரு முதிர்ச்சி இருக்கிறது. எனக்கு அவருடைய பாட்டுகளிலேயே மிகவும் பிடித்தது அதுதான். மற்றவர்கள் வேறு சொல்வார்கள்.

பழைய ஒலிப்பதிவில் இரைச்சல் இருக்கும். அன்றைக்கு ஓரிரு மைக்குகளைச் சுற்றிப் பாடகரும் வாத்தியக்காரர்களும் நின்று, ஒரே மூச்சில் பாட்டை முடிக்க வேண்டும். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரைச்சலை முழுக்க நீக்கிப் புது வாத்தியம் சேர்த்து வரும் பதிப்புகள் வேண்டாம். சுத்தம் செய்கிறேன் என்று மூச்சையும் துடைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பள்ளி விழாவிலும் கோயில் கச்சேரியிலும் இவர் பாட்டைப் பாடுகிறோம். வேறு என்ன செய்யலாம்?

பெயரைச் சொல்லுங்கள். "அடுத்து தூங்காதே தம்பி என்ற பாடல், எழுதியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம், இசை கடையநல்லூர் எஸ்.எம்.சுப்பையா நாயுடு" என்று ஒலிபெருக்கியில் ஒரு வரி. கடையநல்லூரில் ஒரு பள்ளி மேடையில் இதைச் சொன்னால், கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் ஒன்றாவது நிமிர்ந்து பார்க்கும். மெல்லிசைக் கச்சேரிக்காரர்கள் பாட்டுப் பட்டியலை அச்சடிக்கும்போது இசையமைப்பாளருக்கும் ஓர் இடம் விடலாம். காருகுறிச்சியாருக்கு விழா எடுப்பவர்கள் அதே மேடையில் இவரையும் நினைக்கலாம்; அந்தப் பாட்டில் இருவரும் சேர்ந்துதானே நிற்கிறார்கள்.

வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டுகள் கிடக்கின்றன. என்ன செய்வது?

முதலில், எடைக்குப் போடாதீர்கள். 1950களின் தட்டு என்றால் பெரும்பாலும் அரக்கில் செய்தது. கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்காமல், உறைக்குள் போட்டுப் புத்தகம் வைப்பதுபோல நிமிர்த்தி வையுங்கள். வெயிலும் அடுப்புச் சூடும் படக் கூடாது. ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். மெல்லிய உலர்ந்த துணியால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே தூசியைத் தட்டினால் போதும். பிற்கால எல்.பி. தட்டுக்கு உரிய முள்ளால் இவற்றை ஓட்ட வேண்டாம். அந்த முள் மெல்லியது, பள்ளத்தின் அடியில் போய் உராய்ந்து இரைச்சல்தான் வரும். 78 சுற்றுத் தட்டுக்கென்று தடித்த முள் தனியாக உண்டு. பழைய கிராமபோனில் எஃகு முள் போட்டு ஓட்டுவதானால் ஒவ்வொரு பக்கத்துக்கும் முள்ளை மாற்ற வேண்டும்.

பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம்தான் கொள்ளும். நீளமான பாட்டுகளை இரண்டு பக்கமாகப் பிரித்திருப்பார்கள், அல்லது சுருக்கியிருப்பார்கள். படத்தில் கேட்பதும் தட்டில் கேட்பதும் வேறாக இருந்தால் குறித்து வையுங்கள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தையும், அதை ஒட்டிப் பொறித்திருக்கும் எண்ணையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இசை யார் என்று அந்தக் காகிதத்தில் போட்டிருந்தால், எந்தப் பாட்டு யாருடையது என்ற பல வழக்குகள் அங்கேயே தீரும்.